நான் அடிக்காமல் விட்ட பெயர்

ஓல்ஷினி
7 ஜூன் 1989, புதன்கிழமை

அன்பு மகன் லுத்விக்குக்கு,

கிறிஸ்துவுக்குத் தோத்திரம் சொல்லி உன் அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், அதை முதலிலேயே எழுதிவிட்டால் உனக்கு மூச்சு வரும், மற்றதை மெதுவாகப் படி. நீயும் மருமகளும் சுகம்தானா, ஜூன் மாதத்தில் அங்கே குளிர் என்கிறாய், மெல்போர்னில் காலண்டரைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள் போல, எதற்கும் நான் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறையைக் கழற்றாதே. பசு கிடேரிக் கன்று போட்டது, செர்ரி நிறையக் காய்த்திருக்கிறது, சர்க்கரைதான் கடையில் இல்லை. இந்தக் கடிதத்தை நம் ஊர்த் தபாலில் போடப் போவதில்லை, பாதிரியாரின் தங்கை வியன்னா போகிறாள், அங்கிருந்து போடுவாள். நாங்கள் வாக்குப் போட்ட அதே ஞாயிற்றுக்கிழமை சீனாவில் பிள்ளைகள் மேல் டாங்கிகளை விட்டார்கள் என்று வானொலி சொன்னது, அன்றிலிருந்து ரோட்டில் லாரி சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுகிறேன், ரஷ்யக்காரன் படை இன்னும் நம் நாட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது, எண்பத்தொன்றில் ராணுவச் சட்டம் போட்டு என்ன செய்தார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் நெஞ்சு அடித்துக்கொள்வது அதற்கு மட்டும் இல்லை. மே மாதம் பாதிரியார் வீட்டுத் தொலைபேசியில் பேசினாயே, செலினா அக்கா புருஷன் தேர்தலில் நிற்கிறார் என்று நான் சொன்னதும் நீ கத்தியது அவர் வீட்டுச் சமையல்காரிக்கும் கேட்டது. “ஒரு பேர் விடாம அடிங்கம்மா, நம்ம வீட்ல யாராவது அந்த ஆளு பேரை விட்டாங்கன்னு தெரிஞ்சா நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்றாய். ஏழு வருடமாக நீ வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறவள் நான். லுத்விக், அந்தப் பெயரை நான் விட்டுவிட்டேன். எழுதியாயிற்று, இனி மேலே படி.

முறை பழைய முறைதான், வேண்டாத பெயரைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அடிக்காமல் விட்ட பெயருக்கு வாக்கு. முன்பெல்லாம் யார் அடித்தோம், கொடுத்த தாளை மடித்து நேரே பெட்டியில் போட்டுவிட்டு வருவோம், திரைக்குப் பின்னால் போகிறவர்களைக் குறித்து வைப்பார்கள் என்று பயம். இந்த ஞாயிறு பூசை முடிந்து ஊரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தது, திரைக்கு முன்னால் நின்ற வரிசை கிணறு வரைக்கும் வந்துவிட்டது, நேரே பெட்டிக்குப் போகிறவனைத்தான் இப்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஐந்தாம் வகுப்பு படித்த அதே அறை, அடுத்த வகுப்புக்குள் ஜெர்மன்காரன் வந்து மூடிவிட்டான், அந்த அறையில் மேஜைக்குப் பின்னால் நம் போக்னா உட்கார்ந்திருந்தாள், செலினாவின் பெண், இருபது வயது, மார்பில், அரசாங்கம் தடை செய்திருந்த நம் தொழிலாளர் சங்கத்துச் சின்னத்தைக் குத்திக்கொண்டு. அப்பா அந்தப் பக்கம் நிற்கிறார், மகள் இந்தப் பக்கத்து ஆளாக வாக்கு எண்ண உட்கார்ந்திருக்கிறாள். “இவள் என் பேத்தி” என்று வரிசையில் முன்னால் ஒருவரிடமும் பின்னால் ஒருவரிடமும் சொன்னேன், அவர்களுக்குத் தெரியாததா. மாப்பிள்ளை ஜெனோனும் வந்தார். எந்தத் தேர்தலிலும் முதல் ஆளாக நேரே பெட்டியில் போட்டுக் கைதட்டு வாங்கிய கூட்டுறவுத் தலைவர், இந்தத் தடவை தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்று திரைக்குப் பின்னால் போனார். “தன் பேர்ல தூசி விழுந்திருக்கான்னு பாக்கப் போறாரு” என்றான் பின்னால் நின்ற வாலென்டி, வரிசை முழுவதும் சிரிப்பு. என் முறை வந்தது. பள்ளிக்கூடத்துப் பென்சிலால் போட்டால் ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு, அதனால் உன் அப்பாவின் காப்பியிங் பென்சிலைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன், நாக்கில் நனைத்து எழுதினால் ஊதாவாகும், ரப்பருக்கு அசையாது. மற்றத் தாள்களில் அவர்கள் ஆட்களை எல்லாம் அடித்தேன். மாப்பிள்ளையின் தாளில் மூன்று பேர், ஆளும் கட்சிக்கென்றே ஒதுக்கிய இடம் அது, மூவரும் அவர்கள் ஆட்கள், யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு போகாமல் மூவரையும் அடிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரை அடித்தேன். மூன்றாவதில் பென்சில் நின்றுவிட்டது. “என்ன அபொலோனியா, உள்ளே உருளைக்கிழங்கா உரிக்கிற” என்று வாலென்டி கத்துகிறான், நான் அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

இரகசிய வாக்கு என்று நினைத்தேன், ஐந்தாம் வகுப்பு மூளை. திங்கள் காலை எண்ணி முடித்து போக்னா நேரே என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. ஒரு குவளைப் பாலைக் குடித்துவிட்டு என் உதட்டையே பார்த்தாள், ஊதாக் கறை சோப்புக்கும் போகவில்லை. “பாட்டி, ஊதாக் கோடு போட்ட தாளு பெட்டியில உன்னோடது மட்டும்தான். அதைச் சத்தமா வாசிச்சது நான்” என்றாள். நான் அடுப்பைக் கிளறினேன். “நான் அப்பா பேரை அடிச்சேன் பாட்டி, பெத்த அப்பா பேரை. அடிச்சிட்டு வந்து அந்த மேஜைக்குப் பின்னாடி உக்காந்தேன். நீ எந்தத் தைரியத்துல விட்ட? மாமாவை ஏழு மாசம் அடைச்சு வெச்சவங்க ஆளு இல்லையா அவரு?” அவள் அப்படிக் கேட்டதும் எட்டு வருடமாக மூடிவைத்த வாயைத் திறந்துவிட்டேன். அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், உட்கார்ந்து படி. உன்னைப் பிடித்துப் போன மறுநாள் விடியும்போது ஜெனோன் பால் வண்டியோடு வந்தார். “அத்தை, பேசாதீங்க, அந்த மெஷின் எங்க” என்றார். வைக்கோலுக்கு அடியில் நீ மறைத்து வைத்திருந்த சைக்ளோஸ்டைல் இயந்திரத்தையும் காகிதக் கட்டுகளையும் பால் கேன்களுக்கு நடுவே ஏற்றிப் போய்த் தன் அலுவலகத்துக் கரி அறையில் போட்டுப் பூட்டினார். மத்தியானம் போலீஸ் வந்து நேரே வைக்கோலைத்தான் கிளறினார்கள். அதனால்தான் வீட்டு ஆளான அவர்தான் காட்டிக்கொடுத்தார் என்று நீ நினைத்தாய், யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது கிடைத்திருந்தால் ஏழு மாத முகாமும், திரும்பி வர முடியாத ஒருவழிப் பாஸ்போர்ட்டும் இல்லை, கோர்ட்டும் வருடக்கணக்கில் ஜெயிலும்தான். உன்னிடம் சொல்கிறேன் என்றதற்கு, உன்னிடம்கூடச் சொல்லக் கூடாது என்று என் கையைச் சிலுவை மேல் வைத்துச் சத்தியம் வாங்கினார். “வெளிய தெரிஞ்சா என் கதை முடிஞ்சிரும். அவன் என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும், திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும்ல அவனுக்கு” என்றார். அவர் நல்லவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்த வாரமே மேடை ஏறி உங்கள் சங்கத்தை நாட்டுக்கு எதிரி என்று வாசித்தவர், மகன் சங்கத்தில் இருந்தான் என்று விதவை ரோசாலியாவுக்கு நிலக்கரிச் சீட்டை நிறுத்தியவர். அதெல்லாம் நினைத்துத்தான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றேன். கடைசியில் பால் வண்டிதான் கண்ணில் வந்தது.

போக்னா குவளையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நேற்று சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். பள்ளிக்கூடக் கதவில் முடிவை ஒட்டியிருந்தார்கள், முந்நூற்று நாற்பது பேரில் அவர் பெயரை விட்டவர்கள் பத்தொன்பது. தொகுதியிலும் அப்படித்தான் என்றார்கள். நான் புளிக்கீரை சூப் வைத்தேன், முட்டை போட்டு, அவர் கரண்டியைத் தொடவில்லை. “போக்னா வந்து அந்தப் பால் வண்டியைப் பத்திக் கேட்டா அத்தை. எட்டு வருஷத்துல மொத தடவை என் முகத்தைப் பாத்துப் பேசினா” என்றார். சத்தியத்தை உடைத்ததற்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன். “நீங்க ஏன் விட்டீங்க, வீணா. நானே என் பேரை அடிச்சிட்டேன்” என்றார். எனக்கு விளங்கவில்லை. “திரைக்குப் பின்னாடி போனது வாழ்க்கையில அதான் மொத தடவை. யாரும் பாக்கல. ஜெனோன்னு எழுதியிருந்துச்சு, கோடு போட்டேன். அவ்வளவுதான்.” பதினெட்டாம் தேதி மறு வாக்கில் தன் பெயர் இருக்காது, எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தாயிற்று என்றார். மாவட்டத்திலிருந்து இரண்டு முறை கார் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள், இவர் போகவில்லை. வேலை நிச்சயம் போகும், அதோடு விட்டால் சரி. டாங்கி வந்தால் இந்தத் தடவை முதலில் பிடித்துப்போவது இவரைத்தான், உன் அக்கா ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு சூப்பைக் குடித்தார், இரண்டு தட்டு.

இதையெல்லாம் அந்தப் பென்சிலாலேயே எழுதுகிறேன், என் நாக்கு மறுபடி ஊதாவாகிவிட்டது. நீ அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டாம், ரோசாலியாவிடம் அவர் போய் நிற்கட்டும், அது அவர் பாடு. உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீ மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாசற்படி உன் அப்பா கொத்திப் போட்ட கல், அவருக்குப் பிறகு அது என்னுடையது, அதை யார் மிதிக்கலாம் என்று நான்தான் சொல்வேன், பெயரை விட்டவளும் மிதிப்பாள், பெயரை அடித்தவனும் மிதிப்பான், நீயும் மிதிப்பாய். பாதைகள் திறந்தால் உடனே புறப்படு, திறக்காவிட்டால் காத்திரு, கோபத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வா. செஸ்டோகோவா மாதா உன்னையும் மருமகளையும் தன் அங்கிக்குள் வைத்துக் காக்கட்டும், நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுக்கிறேன். காலுறையை மறக்காதே. இன்னொன்று, இத்தனை வருடமும் என் கடிதத்தின் கடைசியில் படித்ததும் எரித்துவிடு என்று எழுதுவேன். இதை எரிக்காதே. வரும்போது கையில் எடுத்துக்கொண்டு வா, எல்லாம் தெரிந்துதான் நீ வந்தாய் என்று மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டும்.

உன் அம்மா
அபொலோனியா