சூடத்துக்கு முன்னால் சொன்ன பொய்

செல்வியின் அப்பாவுக்கு, என் ஆசை மனுஷனுக்கு,

அன்றைக்கு இருக்கன்குடிக் கோயிலில், சூடம் எரிந்த இடத்தைச் சுற்றி நின்றவர்கள் இவர்கள். நீங்கள். நான். உங்கள் அக்கா குருவம்மாள் மதினி. நம் மகள் செல்வி, அவள் இடுப்பில் கைப்பிள்ளை. உங்கள் பட்டாசுக் கம்பெனி போர்மேன் சுந்தரராசு. என் தம்பி முத்தையா. சூடத்தட்டைப் பிடித்த பூசாரி. மதினி மஞ்சள் சேலை கட்டியிருந்தார். செல்வியின் பிள்ளைக்கு ஒரு காலில்தான் கொலுசு இருந்தது.

எனக்கு எதுவும் மறக்காது என்பது உங்களுக்கே தெரியும். நம் கல்யாணப் பந்தியில் நான் உட்காரப் போகும்போது மதினி பாயைச் சுருட்டியதை நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். அப்படிப்பட்டவள் ஒன்றே ஒன்றை மட்டும் மறந்தவள் மாதிரி இருந்துவிட்டேன். நீங்கள் இருக்கும்வரை உங்களிடம் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. பிழையைச் செல்வி திருத்துவாள். எழுதி முடித்த பிறகுதான் அவள் கையில் கொடுப்பேன்.

ஊரே படிக்கட்டும். எல்லோர் முன்னாலும் உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டு, உங்கள் படத்துக்கு முன்னால் மட்டும் முணுமுணுத்தால் போதுமா?

முதலில் மாறியது உங்கள் நடை. காலை அகட்டி வைத்து, சின்னச் சின்ன எட்டாக, தரையோடு தேய்த்து நடந்தீர்கள். வாசல்படிக்கு முன்னால் வந்து அப்படியே நின்றுவிடுவீர்கள், தரை உங்கள் பாதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது போல. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், வருகிறேன் என்பீர்கள். கால் வராது.

இருபத்திரண்டு வருஷம் மருந்து ரூமில் இருந்தவர் நீங்கள். வெடிமருந்து கலக்கிற அறைக்குள் செருப்பு ஆகாது, ஒரு மணல்பொடிகூடக் காலடியில் தேயக்கூடாது, தேய்ந்தால் தீ என்று புதிதாக வருகிறவர்களுக்கு நடந்து காட்டியவரே நீங்கள்தான். பூனை மாதிரி நடப்பாராம் என்று சொல்வார்கள். அந்த அறைக்குள் நீங்களே காலைத் தேய்த்துக்கொண்டு போனால் மற்றவர்கள் எப்படி நிற்பார்கள்? போர்மேன் உங்களை வெளியே எடுத்து, லேபிள் ஒட்டும் பெண்களோடு உட்கார வைத்தார். பிறகு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"அண்ணாச்சி காலையிலயே ஊத்திக்கிட்டு வாராக போல, அக்கா. இன்னொரு தடவ இப்படி வந்தாகன்னா கேட்டுக்குள்ள விடமாட்டேன். நாலு உசுரு இருக்கிற ரூமு அது."

நான் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அப்பா குடித்துவிட்டு அப்படித்தான் வருவார், அகட்டிய காலும் சுவரைத் தேடுகிற கையுமாக. சின்ன வயசிலேயே அந்த நடையைப் பார்த்து வெறுத்தவள் நான். உங்களிடம் அதே நடையைப் பார்த்ததும் என் அப்பா மேலிருந்த கோபம் பூராவும் உங்கள் மேல் ஏறிவிட்டது.

தேடினேன். மாட்டுக்கொட்டத்தில் தேடினேன், அரிசிப் பானைக்குப் பின்னால் தேடினேன், உங்கள் சட்டைப்பையை முகர்ந்து பார்த்தேன். பாட்டில் இல்லை, வாடையும் இல்லை. புத்தியுள்ளவளாக இருந்தால் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பாள். நானோ, வாடையே இல்லாத சரக்கு ஏதோ புதிதாக வந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அப்புறம் வேட்டி நனைய ஆரம்பித்தது. எழுந்து போவதற்குள் போய்விடும். பொழுது சாய்ந்ததும் தண்ணீர்ச் செம்பை எடுத்து ஒளித்து வைத்தேன். நீங்கள் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், கேட்க மாட்டீர்கள். கொடியில் தினமும் உங்கள் வேட்டி காய்வதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி விசாரித்தாள். குடிகாரனைக் கட்டினால் துவைத்துத்தான் ஆக வேண்டும் என்று, உங்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினீர்கள். சாத்துவதற்கும் உங்களுக்கு வெகுநேரம் ஆனது.

அதற்குப் பிறகுதான் சத்தியம் வாங்குவது என்று முடிவு செய்தேன். நம் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கன்குடியில் சூடத்தை அணைத்துக் குடியை விட்டிருக்கிறார்கள்! எரிகிற சூடத்தில் உள்ளங்கையால் அடித்து அம்மனிடம் வாக்குக் கொடுத்தவன் மறுபடி தொடமாட்டான். தொட்டால் அவள் கேட்பாள். போர்மேன் கண்ணால் பார்த்துவிட்டால் வேலையும் நிற்கும் என்று அவரையும் வரச்சொன்னேன்.

கோயிலில் சூடத்தட்டை நீட்டியதும் நீங்கள் மறுத்தீர்கள். பேச்சு மெதுவாக வரும் அப்போது, ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். ஆனாலும் தெளிவாகச் சொன்னீர்கள். "குடிக்காதவன் என்னத்துக்குக் குடிய விடுதேன்னு சத்தியம் பண்ணணும்?"

போர்மேன் என்னைப் பார்த்தார். மதினி என்னைப் பார்த்தார். நான் முத்தையாவைக் கூப்பிட்டு, மச்சான் வாயை முகர்ந்து பார் என்றேன். அவன் உங்கள் முகத்துக்குக் கிட்டே போனான், பின்னால் வந்தான், குனிந்தபடியே சொன்னான்.

"வாடை வருது."

நீங்கள் அவனை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு தட்டில் கையை ஓங்கி அடித்தீர்கள். இதுவரையும் குடித்ததில்லை, இனியும் குடிக்கமாட்டேன் என்று அம்மனைப் பார்த்துச் சொன்னீர்கள். உள்ளங்கையில் காசு அகலத்துக்குக் கொப்புளம். சாமி முன்னாலேயே பொய்யா என்று மதினி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தச் சத்தியம் உங்களுக்கு என்ன செய்தது தெரியுமா? நடை மோசமானபோது, அம்மன் கேட்கிறாள் என்றார்கள். செல்வியை நீங்கள் ‘அக்கா’ என்று கூப்பிட்டபோதும் அம்மன் கேட்கிறாள் என்றார்கள். தெய்வம் கொடுத்த தண்டனைக்கு எவன் ஆஸ்பத்திரிக்குப் போவான்? ஒரே ஒரு தடவை சாத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். குடிப்பாரா என்று அவர் கேட்டார். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் ஆமாம் என்றேன். அவர் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்றரை வருஷம் அதைத்தான் விழுங்கினீர்கள்.

குளியலறையில் நீங்கள் விழுந்த அன்று, செல்வி யாரையும் கேட்காமல் வண்டி பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனாள். அங்கேயும் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா அதே கேள்வியைத்தான் கேட்டார். நானும் அதே பதிலுக்குத்தான் வாயைத் திறந்தேன். செல்வி முந்திக்கொண்டாள். "எங்கம்மா அப்பிடித்தான் சொல்லும். நான் ஒரு நாளும் பாத்ததில்ல, டாக்டர்."

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினார்கள். மூளைக்கு நடுவில் கறுப்பாக, பட்டாம்பூச்சி இறக்கையை விரித்தது மாதிரி இருந்தது. டாக்டரம்மா எனக்கு விளங்கும்படி சொன்னார். எல்லோர் மூளைக்குள்ளும் நாலு அறை இருக்கிறதாம். அந்த அறைகளில் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்குமாம், ஒரு நாளைக்கு அரை லிட்டர். அது மூளையைச் சுற்றி, முதுகெலும்புக்குள்ளும் இறங்கி ஓடி, கடைசியில் ரத்தத்தில் போய்ச் சேருமாம். மூளை அதில் மிதப்பதால்தான் அதன் பாரம் அதற்கே தெரியாதாம், தலை ஆடினாலும் அடிபடாதாம். உங்களுக்கு ஊறுவது ஊறியிருக்கிறது, வடிவது சரியாக வடியவில்லை. மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கு அடைத்துக்கொண்டால் கண்மாய் கரையைத் தள்ளுகிற மாதிரி அறைகள் பெருத்து, பக்கத்தில் இருப்பதை அமுக்கியிருக்கின்றன. காலுக்குப் போகிற நரம்பு, சிறுநீரை அடக்குகிற நரம்பு, ஞாபகம் எல்லாம் அதில் மாட்டிக்கொண்டன.

முதலில் நடை, அப்புறம் வேட்டி, அப்புறம் மறதி. நான் குடி என்று சொன்ன மூன்றையும் அவர் வரிசையாக, என் வீட்டில் இருந்து பார்த்தவர் போலச் சொன்னார். வயசானவர்களுக்கு வருவதுதான், எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்களோ அவ்வளவு நல்லது என்றார். எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். நான் செல்வியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

மறுநாள் சோதனை. உங்களை வராந்தாவில் நடக்கச் சொல்லி எத்தனை எட்டு என்று எண்ணினார்கள். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்து நடுமுதுகில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். கலங்கலாக இருக்கும் என்று நினைத்தேன். குப்பியில் இருந்ததோ மழைத்தண்ணீர் மாதிரி அவ்வளவு தெளிவு. இத்தனை சுத்தமான ஒன்றா இந்தப் பாடு படுத்தியது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த நாள் காலை மறுபடி நடக்கச் சொன்னார்கள். நீங்கள் நடந்தீர்கள். கால் தரையை விட்டு எழும்பியது. வராந்தாக் கோடி வரை போய், சுவரைப் பிடிக்காமல் திரும்பி, நேரே என் முன்னால் வந்து நின்றீர்கள்.

"பேச்சி, இப்பவாவது சொல்லு. நான் குடிச்சேனா?"

இல்லைங்க என்றேன். அந்த மட்டுக்கும் சொன்னேன்.

"அப்ப முத்தையா எதுக்கு அம்மன் முன்னால அப்பிடிச் சொன்னான்?"

நர்சு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் வராமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

ஆபரேஷன் நடந்தது. தலையிலிருந்து காதுக்குப் பின்னால் இறங்கி, கழுத்துத் தோலுக்கு அடியில் ஓடி, வயிற்றுக்குள் போய் முடிகிற மெல்லிய குழாய். மிஞ்சிய நீர் அதன் வழியே இறங்கிவிடும். ஞாபகம் முழுசாகத் திரும்பவில்லை, அதற்கு நாள் கடந்துவிட்டது என்றார்கள். நடை திரும்பியது. வேட்டி நனையவில்லை. எட்டு மாதம் நீங்களே நடந்து டீக்கடைக்குப் போனீர்கள். கழுத்தில் குழாய் ஓடுகிற இடத்தைப் பேத்தியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, தாத்தா தலைக்குப் பைப் கனெக்ஷன் வாங்கியாச்சு என்று சிரித்தீர்கள். பிறகு ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். தலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள்.

உண்மையைச் சொல்ல எட்டு மாதம் எனக்கு இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த எட்டு மாதத்தில் முத்தையா ஒரு தடவை உங்களைப் பார்க்க வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மச்சான் என்று கூப்பிட்டான். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். உலகத்தில் எவரையும் பகைக்கத் தெரியாத நீங்கள் அவன் ஒருத்தனை மட்டும் பகைத்தீர்கள். நான் காப்பித் தம்ளரோடு நின்றேன். முத்தையா என்னைப் பார்த்தான். நான் காப்பியை ஆற்றுவது போல அடுப்படிக்குள் போய்விட்டேன்.

சொல்லிவிடுகிறேன். இருக்கன்குடிக்குப் போன அன்று காலையில், சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, முத்தையாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகக் கூட்டிப் போனேன்.

"மச்சான் வாய மோந்து பாக்கச் சொல்லுவேன். வாடை வருதுன்னு சொல்லிரு."

"வரலன்னா?"

"வரலன்னாலும்."

அவன் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. நான் சொல்லி அவன் தட்டியதில்லை. உங்கள் நல்லதுக்கு என்றுதான் நினைத்தேன் என்று எழுதலாம். எழுதினால் அது இன்னொரு பொய். போர்மேனும் மதினியும் பார்க்க, நான் சொன்னதுதான் சரி என்று ஆக வேண்டும், அவ்வளவுதான் அன்றைக்கு என் மனசில் இருந்தது.

உங்களுக்கு வந்தது தலையில் நீர் என்று ஊருக்குத் தெரிந்த பிறகு, உங்கள் பேர் பாதி சுத்தமானது. மீதிக் கறை முத்தையா மேல் விழுந்தது. அம்மன் முன்னால் பொய்ச்சாட்சி சொன்னவன் என்று மதினி தெருத்தெருவாகச் சொன்னார். போர்மேனும் சொன்னார். அவன் ஒருத்தரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அவன் மகளுக்கு விருதுநகரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பூ வைக்க நாள் குறித்த பிறகு, அந்த வீட்டு அம்மா வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சாமிக்கு முன்னாலேயே பொய் சொன்ன வீட்டில் பெண் எடுக்கப் பயமாக இருக்கிறதாம். பிள்ளை அழுது முகம் வீங்கிக் கிடக்கிறாள். போன வாரம் நான் போனேன். இத்தனை நாளாக ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று முத்தையாவிடம் கேட்டேன்.

"சொல்லியிருந்தா மச்சான் ஒன் கையால ஒரு வாய் சோறு தின்னிருப்பாகளா, அக்கா?"

நீங்களே சொல்லுங்கள், தின்றிருப்பீர்களா?

எனக்கு அந்தப் பதில் தேவையில்லாமல் போகும்படி நீங்கள் போய்விட்டீர்கள். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. இதை எழுதத்தான் கை கூசுகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை விருதுநகருக்குப் போகிறேன். செல்வியையும் மதினியையும் கூட்டிக்கொண்டு போவேன். அந்த அம்மா வீட்டில், எல்லோரையும் உட்கார வைத்து, பொய் என்னுடையது, பெண் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்வேன். மதினி அங்கேயே என்னைத் திட்டினாலும் திட்டட்டும். கல்யாணம் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. முத்தையாவை நீங்கள் மன்னித்துவிட வேண்டும். அவன் மேல் உங்களுக்கு இருந்த கோபம் வேறொருத்திக்கு உரியது. முகவரி மாறிப் போனதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன்.

பாயைச் சுருட்டிய மதினியை விட்டுவிட்டேன். விசாரிக்காமல் பேசிய போர்மேனை விட்டுவிட்டேன். என் அப்பாவைக்கூட விட்டுவிட்டேன். ஒருத்தியை மட்டும் விடமாட்டேன். நீங்கள் மன்னித்தாலும் நான் மன்னிக்கமாட்டேன்,

முத்தையாவின் அக்கா, செல்வியின் அம்மா,
உங்கள் மனைவி பேச்சியம்மாளை.