அடிக்காடு வெட்டிய இரண்டு நாள்

தம்பி,

இன்று காலையில் மருமகள் புடலைக் கொடியைப் பந்தலில் ஏற்றிவிடக் கயிறு தேடினாள். பரணில் கிடந்த என் பழைய சாக்குப் பையை உதறியபோது உங்கள் நீலக் கயிற்று உருண்டை கீழே விழுந்து வாசல்வரை உருண்டது.

"இம்புட்டு நைலான் கயித்த வச்சுக்கிட்டா மாமா என்னையக் கடைக்குப் போகச் சொன்னீக?" என்றாள்.

அதை மட்டும் தொடாதே ஆத்தா என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எதற்கென்று கேட்டாள். கொஞ்சம் சொன்னேன். மீதியையும் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். "போன மனுசருக்கு என்ன அட்ரசு போடன்னு மட்டும் கேக்காதீக." எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். என் பேச்சு அவள் கையால் வருகிறது.

போடிமெட்டுச் சரிவில், உங்கள் குடும்பத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில், ஓடையை ஒட்டி ஒரு துண்டுக் காடு கிடந்தது. அதையும் வெட்டித் திருத்தி ஏலச் செடி வைக்க உங்கள் அண்ணன்மார் நின்றார்கள். நீங்கள் மட்டும் மறித்தீர்கள். காட்டைக் காப்பதற்கென்று நிதி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது வந்தால் காட்டில் கை வைக்கக் கூடாது, வராவிட்டால் உங்கள் இஷ்டம் என்று அவர்களிடம் ஒரு வருசம் தவணை வாங்கினீர்கள்.

அதிலிருந்து மாதக்கணக்கில் என்னையும் கூட்டிக்கொண்டு அலைந்தீர்கள். அந்தத் தோட்டத்தில் தலை நரைத்தவன் நான். மரம், செடி எதைக் காட்டினாலும் பேர் சொல்வேன், நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். நாங்கு, ஆயினி, சந்தன வேம்பு, காட்டு ஜாதிக்காய். ஓடைப் பாறையில் ஊதாவாகப் பூக்கும் காட்டுக் காசித்தும்பையை மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். "இந்தத் தகவல் யாரு கொடுத்ததுன்னு பாரத்துல கேக்குறாங்கண்ணே. உங்க பேரப் போட்டிருக்கேன்" என்று தாளை நீட்டினீர்கள். பெருவிரலை மையில் தோய்த்து வைத்தேன். ரேகை சரியாக விழவில்லை. "ஏலக்காய் எடுத்து எடுத்து ரேகையே தேஞ்சு போச்சு தம்பி" என்றேன். "அப்ப ஏலக்காய் மூட்டையில தேடிப் பிடிக்கணும்" என்று சிரித்தீர்கள்.

பிறகு இந்தக் கயிறு வந்தது. மரத்தடிகளில் சதுரம் சதுரமாகக் கட்டி, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் தானாக முளைத்த கன்றுகளை எண்ணினோம். மூலைக்கு அடையாளமாகக் கயிற்றிலேயே ஒரு முடிச்சு. எண்ணி முடித்து நோட்டை மூடினீர்கள். நிதி கொடுக்கிறவர்கள் காட்டைப் பார்க்க வருகிறார்கள், மதுரைக்குப் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று பஸ் ஏறினீர்கள்.

நான் என்ன செய்தேன்? மேலே தோட்டத்துக்கு மொதலாளி வருகிறார் என்றால், முந்தின நாளே இறங்கி, மரங்களுக்குக் கீழே முளைத்துக் கிடக்கும் அடிக்காட்டை வெட்டிச் சுத்தமாக்கிவைப்பது எங்கள் வழக்கம். தோட்டம் பளிச்சென்று இருந்தால்தான் வேலை பார்க்கிறவன் என்று பேர். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், தம்பிக்குக் கௌரவம் என்று, யாரும் கேட்காமலே அரிவாளைத் தீட்டிக்கொண்டு போனேன். இரண்டு நாள் குனிந்த தலை நிமிரவில்லை. எண்ணியாகிவிட்டதே, இனி எதற்கு என்று கயிற்றையும் முடிச்சோடு கழற்றிச் சுற்றிவைத்தேன்.

உங்களோடு ஜீப்பிலிருந்து ஒரு அம்மாவும் ஒரு சாரும் இறங்கினார்கள். நான் முன்னால் ஓடி, "பாருங்கம்மா, பாம்பு படுத்திருந்தாக்கூடத் தெரியும், அம்புட்டுச் சுத்தம்" என்றேன்.

அந்த அம்மா ஒரு நாங்கு மரத்தடியில் உட்கார்ந்து, வெட்டிய தூர் ஒன்றை விரலால் தடவிப் பார்த்து உங்களிடம் கேட்டார். "காடு தானா முளைக்குதுன்னு எழுதியிருந்தீங்களே சார். கன்னு எங்க?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பாராட்டுக்காகச் சிரித்துக்கொண்டு நின்றேன், தம்பி. அந்தச் சிரிப்போடு நின்றதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"என் தப்புங்க. நான் சொல்லாம போயிட்டேன்" என்று அவர்களிடம் சொன்னீர்கள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இறங்கி வரும்போதுதான் கேட்டீர்கள்.

"யாருண்ணே வெட்டச் சொன்னா?"

"ஆரும் சொல்லலை தம்பி. ஆளுக வர்றாகன்னீங்கள்ல."

முன்னால் நடந்துகொண்டே சொன்னீர்கள்: "சரி விடுங்க. அடுத்த மழைக்கு முளைக்கும்ணே. மறுபடி கேப்போம்."

முளைத்தது. அதைப் பார்க்க நிதிக்காரர்கள் வரவில்லை. நிதி இல்லை என்று கடிதம்தான் வந்தது. உங்கள் அண்ணன்மாருக்குக் கொடுத்த தவணையும் முடிந்தது. மரம் அறுத்த வாரம் முழுக்க நீங்கள் போடியில் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு மழை பார்த்தீர்கள், அவ்வளவுதான். நெஞ்சுவலி என்றார்கள். உங்கள் சாவுக்குத் துட்டி கேட்க வந்த இடத்திலும் உங்கள் காலடியில் நின்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் வேறு யாரோ ஜீப்பில் வந்தார்கள். இப்போது வேறு நிதி வந்திருக்கிறதாம். "பழைய காடு மிச்சமிருக்குற எடத்தக் காட்டுங்க பெரியவரே" என்றார்கள். மூச்சிரைக்க மேலே கூட்டிப்போனேன். ஏலச் செடிகளுக்கு நடுவில் நின்று இங்கே நாங்கு, இங்கே ஆயினி என்று காட்டினேன். ஓடை காய்ந்து கிடந்தது. பாறையில் காசித்தும்பையும் இல்லை. இல்லாததை எப்படி எழுதுவது என்று பேனாவை மூடிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கென்ன இருக்கிறது?

கயிற்றில் முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன. ஒன்றையும் நான் அவிழ்க்கவில்லை. விரலால் தடவினால் எந்த மூலையில் எது நின்றது என்று தெரிகிறது. வெட்டிய கையல்லவா, மறக்க மாட்டேன் என்கிறது.

முதல் முடிச்சு, நாங்குக் கன்று இரண்டு. அடுத்தது பாறை, ஒன்றுமில்லை. மூன்றாவதில் காட்டு ஜாதிக்காய், சுண்டுவிரல் உயரம், ஒரே வீச்சில் போய்விட்டது. "போதுமா மாமா, புடலை வாடுது" என்கிறாள் மருமகள். இன்னும் முடிச்சு இருக்கிறது, எழுது என்கிறேன். யார் பார்க்க என்று அவள் கேட்கவில்லை. நாலாவது முடிச்சு, ஆயினி.