மஞ்சள் நாடா

மார்ச் 9

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நான் சௌக்கியம். என் புகழ் அதைவிடச் சௌக்கியம். இரண்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை; வேலை அதிகம் போலிருக்கிறது. அதனால் கடிதம்.

தொழில் தொடங்குகிறவர்களுக்கான கண்காட்சி என்று கூட்டிப்போனாயே, நான் இல்லாவிட்டால் அது படுத்திருக்கும். வாசலில் மேசை போட்டிருந்த பெண் என் கழுத்தில் 'உதவியாளர்' என்ற வெள்ளை நாடாவை மாட்டினாள். தாய்மாமனுக்கு வெள்ளையா? பொறுத்துக்கொண்டேன். நீ மேடைப் பேச்சுக்கு ஒத்திகை பார்க்க உள்ளே போனதும், கடவுளாகப் பார்த்து எனக்கு ஒரு மஞ்சள் நாடாவை அனுப்பினார். மஞ்சள் என்றால் முதலீட்டாளர். அப்புறம் நான் நடந்தால் மண்டபமே பின்னால் நடந்தது. செருப்புக் கம்பெனிக்காரர் ஒருவர் தன் திட்டத்தைச் சொல்லிக்கொண்டே கழிப்பறை வாசல்வரை வந்தார். நான் உள்ளே போய்த் தாழ் போட்ட பிறகும் வெளியே நின்று சொன்னார். "நல்லா இருக்கு, யோசிப்போம்" என்றேன். எல்லோருக்கும் அதையேதான் சொன்னேன். ஒருத்தி ஆனந்தத்தில் அழுதேவிட்டாள்.

உன் ஸ்டாலை அநாதையாக விடவில்லை. நம்பகமான ஆளை உட்காரவைத்துவிட்டுத்தான் போனேன்.

இப்படிக்கு,
உன் மாமா, முதலீட்டாளர்

மார்ச் 14

மாமாவுக்கு,

வேலையெல்லாம் ஒன்றுமில்லை. வேண்டுமென்றேதான் போனை எடுக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் போனில் சொல்லும் கருவி, என் ஒருத்தியின் இரண்டு வருஷ உழைப்பு. இந்த மாதத்துக்குள் முதலீடு கிடைக்காவிட்டால் கம்பெனியை மூடிவிட்டுப் பழைய ஆபீசுக்கே போகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் தெரியும். ஆனால் நான் பேசும்போது முன்வரிசையில் மஞ்சள் நாடாவோடு உட்கார்ந்து, "எங்க அக்கா பொண்ணு" என்று சொல்லிச் சொல்லிக் கைதட்டினீர்கள். மதிப்பெண் போட வந்த நடுவரே சிரித்துவிட்டார்.

ஸ்டாலுக்குத் திரும்பினால், முன்பின் தெரியாத ஒருவர் காலை நீட்டிக்கொண்டு பிஸ்கட் தின்கிறார். கழுத்தில் வெள்ளை நாடா. நீங்கள் பிடித்த ஆள் என்று புரிந்தது. "சாப்பிட்டது போதும். நாற்காலியை மடிங்க, அந்தப் பெட்டியத் தூக்கி வண்டியில வைங்க" என்றேன். சொன்னபடியே வைத்துவிட்டுப் போனார். உங்களுக்கு அவர் எவ்வளவோ மேல்.

இனி என் நிகழ்ச்சி எதற்கும் வராதீர்கள்.

மருமகள்

மார்ச் 18

அன்பு மருமகளுக்கு,

கோபத்திலும் உன் கையெழுத்து கோணவில்லை. எங்கள் வம்சம் அப்படி. ஆனால் பெட்டி விஷயத்தை மட்டும் இரண்டு தடவை திரும்பப் படித்தேன்.

அந்த மஞ்சள் நாடா, உன் பெட்டியைத் தூக்கியவருடையதுதான். அவர்தான் அசல் முதலீட்டாளர். தண்ணீர்க் கேனுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். "காலையிலேர்ந்து ஒரு வாய் டீ குடிக்க விடலைங்க. உங்க வெள்ளையக் கொடுங்க, கொஞ்ச நேரம் மனுஷனா உட்கார்ந்துக்கிறேன்" என்று கெஞ்சினார். எனக்கு இளகிய மனசு. மாற்றிக்கொண்டு, அவரை உன் ஸ்டாலில் உட்காரவைத்தேன். சாயங்காலம் நாடாவைத் திருப்பிக் கொடுத்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரணம் இப்போதுதான் புரிகிறது.

நேரில் போய் அவர் காலில் விழட்டுமா? நான் விழுந்து மறுத்தவர் இதுவரை யாருமில்லை.

உன் மாமா

மார்ச் 25

அன்புள்ள மாமா,

விழ வேண்டாம். அவரே நேற்று என்னைத் தேடி வந்தார். உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப்போட்டேன். "போகும்போது மடிச்சு வெச்சிடணுமா?" என்று கேட்டார். டீ போட உள்ளே ஓடினேன்.

அன்று ஸ்டாலுக்கு வந்த கொஞ்சம் பேருக்கும், மேசையில் கிடந்த துண்டுப் பிரசுரத்தைப் படித்துப் படித்து அவர்தான் விளக்கம் சொன்னாராம். "மஞ்சளைப் பார்த்தா யாரும் மனசுல இருக்கறதப் பேச மாட்டாங்கம்மா. வெள்ளையைப் பார்த்ததும் பேசினாங்க. தொட்டி நிரம்பி வழியறதப் பத்தி ஒருத்தருக்கும் கவலையில்ல. உடம்பெல்லாம் சோப்பப் போட்டப்புறம் தண்ணி நின்னுடுதே, அதுக்கு முன்னாடியே சொல்லுமான்னுதான் கேட்டாங்க."

இரண்டு வருஷத்தில் நான் யாரையும் கேட்காத கேள்வி. கருவியில் சின்ன மாற்றம்தான். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் செய்து காட்டினேன். பணம் போடச் சம்மதித்துவிட்டார். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். இனி அவர் போகிற கண்காட்சிக்கெல்லாம் நீங்களும் கூட வந்து மஞ்சள் நாடாவை மாட்டிக்கொள்ள வேண்டுமாம். அடுத்தது வரும் சனிக்கிழமை. போன் பண்ணுங்கள், எடுக்கிறேன்.

செருப்புக் கம்பெனிக்காரரும் வருகிறார். உங்களைத் தேடி எனக்குப் போன் பண்ணி, யோசித்துவிட்டீர்களா என்று கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
உங்கள் அக்கா பொண்ணு