பெயர் இல்லாத மெனு

பணிநாள் 41. காலை 07.10

காற்று சரி. நீர் சரி. மின்கலம் முக்கால்வாசி. நிலவின் தென்முனையில், கரை நிலையத்தில் இருப்பது நான் ஒருத்தி: இசக்கிச்செல்வி, கட்டுப்பாட்டுப் பொறியாளர். கீழே, வெயிலே எட்டிப் பார்க்காத பள்ளத்தில், பனிக்கட்டி தோண்டும் முகாமில் இருப்பவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. எங்கள் தலைக்கு மேல் நிலவைச் சுற்றும் மேல்துறையில் அதிகாரி ஷாகுல். படகுகள் வந்து ஒட்டுவதும் பிரிவதும் அங்கேதான். இந்தப் பதிவை யார் கண்டெடுப்பாரோ தெரியாது. படிப்பவர் தடுமாறக்கூடாது என்று ஆட்களைச் சொல்லிவைக்கிறேன்.

ஒரே புகார், மெனு. என் முன்னால் ஏழு திரைகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஓர் இடத்துக்கு. மெனு மட்டும் இடக்கோடியில், முதல் திரையில். ஐந்தாம் திரையில் இருக்கும் சரக்கறைக்கு ஓர் உத்தரவு போட, மவுஸை நான்கு திரை தாண்டி இழுத்துப் போய்ச் சொடுக்கிவிட்டு மறுபடி திரும்பி வர வேண்டும். கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்.

மெனுவின் தலையில் மஞ்சள் எழுத்தில் ஒரு பெயர் எப்போதும் இருக்கும். உத்தரவு எந்த இடத்துக்குப் போகும் என்பது அதுதான். எல்லா இடங்களுக்கும் மெனு ஒரே மாதிரி என்பதால், அழுத்துவதற்கு முன் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அண்ணாச்சி ஏற்படுத்திய வழக்கம். அவர் இங்கே வேலை பார்த்த காலத்தில் மினி பஸ் கண்டக்டர் மாதிரி "பள்ள்ள்ளம்!" என்று கூவிவிட்டுத்தான் அழுத்துவாராம். ஆளே இல்லாத அறையில் நான் யாருக்குக் கூவுவது?

பணிநாள் 44. மாலை 18.30

கருவி எழுதி முடித்தேன். பெயர் கைவாக்கு. இனி எந்தத் திரையில் மவுஸ் இருக்கிறதோ அங்கேயே மெனு விரியும். இடக்கோடிக்கு ஓட வேண்டாம்.

மஞ்சள் பெயர்ப்பட்டை இடத்தை அடைத்தது. சரக்கறைத் திரையிலேயே விரியும் மெனுவுக்கு "சரக்கறை" என்று தலைப்பு எதற்கு? எடுத்துவிட்டேன். இப்போது பார்க்க லட்சணமாக இருக்கிறது. என்னை நானே மெச்சிக்கொண்டு இரண்டாவது காபி குடித்தேன்.

பணிநாள் 52. காலை 09.00

வந்த செய்திகள்.

ஷாகுல்: "செல்வி, பிரமாதம் போங்க! பத்து வருஷமா ஒரே பக்கம் திரும்பித் திரும்பி என் கழுத்தே கோணிப்போச்சு. மேல்துறையிலயும் போட்டுட்டேன். பூமிக்கும் எழுதியிருக்கேன்."

ஆவுடையப்பன்: "ஏ பிள்ள, கைவாக்காத்தான் இருக்கும். மேல இருந்த பேரு எங்கன போச்சு? பேரு சொல்லாம எப்படிக் கூப்பிட?"

அண்ணாச்சிக்கு எல்லாமே பஸ் ஸ்டாப். பதில் அனுப்பவில்லை.

பணிநாள் 58. பகல் 13.40

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியம் சரக்கறையின் வெளிக்கதவைத் திறக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். தினசரி வேலை. ஐந்தாம் திரையைப் பார்த்தபடி மெனுவை விரித்தேன். "காற்றை வெளியேற்று." "உறுதியா?" "ஆம்."

சரக்கறையில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் திரையில் பள்ளத்தின் காற்றழுத்தம் இறங்கத் தொடங்கியது.

என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. நான் மெனுவை விரிக்கும் நேரத்தில் பள்ளத்திலிருந்து ஓர் எச்சரிக்கை எழுந்திருக்கிறது. தூசி வடிகட்டி நிறைந்துவிட்டதாம், அவ்வளவுதான். எச்சரிக்கை எழுப்பும் இடம் உத்தரவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பழைய மெனுவாக இருந்தால் தலையில் "பள்ளம்" என்று மஞ்சளாக மாறியிருக்கும். என் மெனுவுக்குத் தலையே இல்லை.

அண்ணாச்சி கவச உடையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன்: "செல்வி, காது அடைக்குது. காத்து எங்கயோ போகுது பாத்துக்க. என்ன காட்டுது அங்க?"

இங்கிருந்து மூடச் சொன்னால் அந்த வால்வு உடனே கேட்காது. முழுக்கத் திறந்து முடித்த பிறகுதான் கேட்கும். ஆனால் அவர் தலைக்கு மேலேயே கைச்சக்கரம் இருக்கிறது. நாலு சுற்று சுற்றினால் போதும். "வால்வை நான் திறந்துவிட்டேன், மூடுங்கள்" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வாய் வரவில்லை. நான் சொன்னது இது:

"ஓட்டை ஏதோ விழுந்திருக்கும்போல அண்ணாச்சி. சுவரப் பாருங்க."

அந்த மனிதர் மூச்சு வாங்கியபடி சுவர் சுவராகத் தடவினார். நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு மிதந்தாற்போல் விழுந்தது. அவர் முட்டி மடங்கியபோதுதான் எனக்கு வாய் திறந்தது. "அண்ணாச்சி, வால்வு! வால்வப் பாருங்க!" தவழ்ந்து எழுந்து சுற்றினார். மூடிக்கொண்டது.

உயிரோடு இருக்கிறார். ஒரு காது போய்விட்டது.

பணிநாள் 59. காலை 08.15

ஷாகுல் விசாரித்தார். பொது அலைவரிசையில் மூவரும் இருந்தோம். நான் சொல்லிவிடத்தான் போனேன். சத்தியமாகப் போனேன். அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

ஆவுடையப்பன்: "என் கைதான் சார் பட்டிருக்கும். சாப்பாட்டுப் பொட்டலத்த எடுக்க எக்குனேன்லா, முழங்கை சக்கரத்துல இடிச்சிருக்கும். வயசாயிட்டு. பிள்ளையச் சொல்லி என்ன செய்ய? அது ஓட்டைன்னு நெனச்சிட்டு, பாவம். கடைசியில அதுதான் என்னக் காப்பாத்துச்சு."

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் என்றால்கூட இவ்வளவு கூசியிருக்காது. அவர் நம்பித்தான் சொன்னார். தன் கை பட்டுவிட்டது என்று அவமானப்பட்டுச் சொன்னார். குரலே இறங்கியிருந்தது.

ஷாகுல்: "செல்வி, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல சார்" என்றேன்.

உத்தரவுப் பதிவைத் திறந்து பார்த்தேன். கைவாக்கு வழியாகப் போன உத்தரவுகள் அதிலும் பெயரில்லாமல்தான் விழுந்திருக்கின்றன. யாரும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி.

பணிநாள் 63. காலை 10.20

பூமியிலிருந்து உத்தரவு. ஆவுடையப்பன் கவனக்குறைவு காரணமாகத் திரும்ப அழைக்கப்படுகிறார். பத்தாம் முறை வந்தவர். இன்னும் ஒரு பருவம் தோண்டியிருந்தால் அந்தப் பள்ளத்துக்கு அடியிலிருந்து ஆறு மாதத்துக்குத் தேவையான தண்ணீரை எடுத்திருப்பார். அவர் திரும்பும் படகிலும் அதே மாதிரி வால்வும் கைச்சக்கரமும் உண்டு; அந்தச் சக்கரத்தின்மேல் மூடி போட்டுப் பூட்டிவிட வேண்டுமாம், மறுபடி கை பட்டுவிடாமல் இருக்க.

ஷாகுல்: "உங்களுக்கு ஆட்சேபணை உண்டா, செல்வி?"

"ஆட்சேபணை இல்லை" என்று எழுதி அனுப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கியவள், பாதியில் நிறுத்த முடியுமா?

ஒன்று மட்டும் செய்தேன். கைவாக்கில் மஞ்சள் பெயரைத் திரும்ப வைத்தேன். ஷாகுலின் மேல்துறையிலும் மாற்ற வேண்டுமே என்று புதிய பதிப்பை அனுப்பினேன். அனுப்பும்போது "மாற்றத்தின் காரணம்" என்று கேட்டது. உயிர் ஆபத்து என்று போட்டால் ஏன் என்று கேட்பார்கள். "தோற்ற மேம்பாடு" என்று போட்டேன்.

பணிநாள் 64. காலை 08.00

ஷாகுல்: "புதுப் பதிப்பு வந்துச்சுங்க. அழகு பண்றதெல்லாம் அவசரமில்லையே, அடுத்த மாசம் போட்டுக்கறோம். இப்ப இருக்கறதே அருமையா இருக்கு."

பதில் எழுதத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

பணிநாள் 70. காலை 06.50

இன்று அண்ணாச்சி புறப்படுகிறார். ஆளில்லாமல் தானே ஓடும் படகு, அவர் அதில் பயணி மட்டும், கவச உடைகூடத் தேவையில்லை. இரவெல்லாம் ஒரு முடிவோடு கிடந்தேன். அவர் மேல்துறை போய்ச் சேரட்டும், காபி குடிக்கட்டும், அதன்பின் பொது அலைவரிசையில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு எதிரே சொல்ல வேண்டும். அவருக்குக் கேட்கும் காதுப் பக்கம் ஒலியை ஏற்றி வைக்கச் சொல்ல வேண்டும்.

ஆவுடையப்பன்: "போயிட்டு வாரேன் செல்வி. கழுத்துக்கு எண்ணெய் தேச்சுக்க. ஒண்ணும் மனசுல வைக்காத, என்ன? எல்லாருக்கும் ஒரு நாள் கை தவறத்தான் செய்யும். எனக்கு அது இப்ப வந்துட்டு, அவ்வளவுதான்."

"சரி அண்ணாச்சி" என்றேன்.

பணிநாள் 70. காலை 08.35

படகு மேல்துறையை நெருங்கியது. படகு ஒட்டுவதற்கு முன் ஷாகுல் இணைப்புக் குழாயின் காற்றை வெளியேற்ற வேண்டும். தினசரி வேலை. படகு நெருங்கும்போது "வந்துவிட்டேன்" என்று ஓர் எச்சரிக்கை எழுப்பும். எச்சரிக்கை எழுப்பும் இடம் உத்தரவைத் தன் பக்கம்

இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஒரு வாரமாக இங்கேயே இருந்தது. நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

ஷாகுல்: "படகுல அழுத்தம் இறங்குது! ஆவுடையப்பன், ஓட்டை ஏதோ விழுந்திருக்கும்போல. சுவரப் பாருங்க!"

என் வாக்கியம். ஒரு சொல் மாறாமல் என் வாக்கியம். ஆனால் ஷாகுல் அதை நம்பிச் சொன்னார்.

கத்தினேன். "ஓட்டை இல்ல சார், வால்வு! உங்க மெனு! படகுக்குப் போயிருச்சு!" மேல்துறை அதற்குள் நிலவின் விளிம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டதா தெரியவில்லை. இந்தப் பக்கம் கடைசியாக வந்தது இது:

ஆவுடையப்பன்: "வால்வுதான் திறந்து கெடக்கு, இங்கேருந்தே தெரியுது. பூட்டு போட்டிருக்காவல்லா, சாவி இல்ல. செல்வி, கேக்குதா? நான் தொடல. இந்தத் தடவ நான் தொடவே இல்ல பிள்ள. எழுதிக்"

மேல்துறை நிலவுக்குப் பின்னால் போய்விட்டது.

பணிநாள் 70. காலை 08.50

பூமி வழியாகச் செய்தி அனுப்பினேன். அது சுற்றிப் போய்ச் சேர நேரமாகும். அழுத்தம் இறங்கும் வேகம் எனக்குத் தெரியும். பள்ளத்தில் அது இறங்கியபோது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானே நான்.

எழுதிக்கொண்டேன் அண்ணாச்சி. நீங்கள் தொடவில்லை. போன தடவையும் தொடவில்லை. போன தடவையும்

பணிநாள் 70. காலை 09.40

மேல்துறை மறுபக்கம் எழுந்தது. என் செய்திக்கு முன்னால் அவருடையது வந்துவிட்டது.

ஷாகுல்: "செல்வி, மன்னிக்கணும். ஆவுடையப்பன் போயிட்டார். மூடியப் பேத்து எடுக்கப் பாத்திருக்கார், விரலெல்லாம் ரத்தம். வால்வு எப்படித் தெறந்துச்சுன்னே புரியல. பழையபடி ஏதோ கை பட்டிருக்கும்னுதான் எழுத வேண்டியிருக்கு, பூட்டு சரியா விழாம இருந்திருக்கலாம். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

உண்டு.

இதுவரை எழுதியது அத்தனையையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் மேல்துறைக்கும் பூமிக்கும் அனுப்புகிறேன். கைவாக்கை எல்லா இடத்திலும் உடனே கழற்றுங்கள். காரணம் தோற்ற மேம்பாடு அல்ல.

மெனுவை விரித்துவிட்டேன். "அனுப்பு" என்று இருக்கிறது. அழுத்துவதற்கு முன் பெயர் சொல்ல வேண்டும். அறையில் யாரும் இல்லை, இருந்தாலும் வாய்விட்டுச் சொல்கிறேன்.

இசக்கிச்செல்வி. பள்ளத்தில் திறந்தது நான். படகில் திறந்ததும் நான்.