ஸ்தோத்திரப் பெட்டியில் விழுந்த சீட்டு

கொழிஞ்சாம்பாறை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறேன். சூரியநெல்லியில் மழை விடவில்லையாமே, கொழுந்தெடுக்கப் போகையில் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையைத் தவறாமல் போடுகிறாரா?

இங்கே நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் இந்த வருடமும் எனக்கு வேலை உண்டா என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். அதற்காக ஜெபிக்கும்படி ஞாயிற்றுக்கிழமை சபையில் சீட்டு போட்டேன். நீளமாக எழுதக் கூச்சப்பட்டு, ‘ஜெபசெல்வியின் வேலைக்காக’ என்று மட்டும் எழுதினேன். அதை ஜெபப் பெட்டியில் போடாமல் பக்கத்தில் நன்றிச் சீட்டுகளுக்காக இருந்த ஸ்தோத்திரப் பெட்டியில் தவறிப் போட்டுவிட்டேன். போதகர் எனக்கு வேலை கிடைத்ததற்காக எல்லார் முன்பும் நன்றி சொல்லி ஜெபித்துவிட்டார்.

வெளியே வந்ததும் சலோமி அக்கா பிடித்துக்கொண்டார். “ஏனம்மிணி, வேலை கெடச்சதுக்கு வாயே தொறக்கல பாரு! லட்டு எங்க?”

சாயங்காலம் போதகரிடம் போய் உண்மையைச் சொன்னேன். “அட, அவசரப்பட்டுட்டமே! வர்ற ஞாயித்துக்கெழம மாத்திச் சொல்லிரட்டுங்களா?” என்றார்.

“வேண்டாங்க ஐயா, இருக்கட்டும்” என்றேன். போன வருடம் முழுவதும் நாற்பது பிள்ளைகள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அதற்கே நான் இன்னும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை, அம்மா. வெள்ளிக்கிழமைக்கு உரியதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

இதைக் கொண்டுவரும் எஸ்தர் அக்காவிடம் தேயிலைத்தூள் கொடுத்தனுப்புங்கள். கால் கிலோ போதும், நான் ஒருத்திதானே. அக்கா பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபோனைக் கையிலேயே வைத்திருங்கள். எந்தப் பதிலானாலும் முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்,
ஜெபசெல்வி