முழங்கால் உயரத்தில் நீலக் குடம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ வரைந்து அனுப்பிய எலுமிச்சம்பழப் படம் பத்திரமாக வந்தது. படுக்கையறையில் மாட்டிவிட்டேன். அறைக்கே ஒரு களை வந்துவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும். சாண் அகலம், சாண் உயரம் போதும். கட்டில் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் மாட்டப் போகிறேன். சிரிக்காதே.

உன் தங்கச்சி

மார்ச் 19

அன்புத் தங்கச்சிக்கு,

சிரிக்காமல் எப்படி இருப்பது? முழங்கால் உயரத்தில் மாட்டினால் பூனைதான் பார்க்கும்! கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்க வரைகிறவன் நான். போகட்டும், நீ கேட்டு இல்லை என்பேனா? நீலக் குடம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஆறு மாதத்தில் இது ஐந்தாவது. உனக்குப் படப் பைத்தியம் முற்றிவிட்டது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அடுத்த வாரம் நேரில் வருகிறேன்.

அண்ணன்

மார்ச் 30

தங்கச்சி,

நேற்று நான் வந்தபோது நீ கடைக்குப் போயிருந்தாய். மாப்பிள்ளை காபி போடப் போனார். படங்களைப் பார்க்கப் படுக்கையறைக்குள் போனேன். நீலக் குடம் கோணலாகத் தொங்கியது. கை சும்மா இருக்குமா? நிமிர்த்தப் போனேன். பின்னால் சுவர் குழிந்து, காரை பெயர்ந்திருந்தது. குழிக்குள் உன் முடி, காய்ந்த ரத்தம். மற்ற நான்கையும் தூக்கிப் பார்த்தேன். நான்கிலும் குழி. அளவு கேட்டு அளவு கேட்டு வரைந்தேனே, பாவி!

"என்ன மச்சான், படத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று வந்தார். குடத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பயந்துவிட்டேன், தங்கச்சி. உடனே கிளம்பி வா.

அண்ணன்

ஏப்ரல் 3

அண்ணா,

நீ போனதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. வரைந்த நீயே குடத்தைத் தலைகீழாக மாட்டியிருக்கிறாய்.

"உங்கண்ணன்கிட்ட என்னடி சொன்னே?" என்று அந்தப் படத்தாலேயே என் முகத்தில் அடித்தார். சட்டம் உடைந்து, ஆணியோடு ஒரு கட்டை என் கைக்கு வந்தது. அடித்தேன். அவர் விழுந்த பிறகும் அடித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஒரு கண் போய்விட்டதாம். எனக்கு இரண்டு பல் போனது.

மற்ற படங்களை நானே கழற்றிப் போலீஸ்காரம்மாவிடம் சுவரைக் காட்டினேன். "இவ்ளோ அழகா மூடி வச்சிருக்கியேம்மா" என்றார்.

உன்மேல் எனக்குக் கோபம்தான். பார்த்த பிறகும் மாட்டிவிட்டுப் போனாயே! நானும்தானே ஐந்து முறை மாட்டினேன் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

இப்போது பெண்கள் விடுதியில் இருக்கிறேன். இங்கே சுவர் முழுசாக இருக்கிறது. படம் வேண்டாம். நீ வா.

தங்கச்சி