எல்லையில் நின்ற ரயில்

தொரெயோன், மெக்சிகோ, 1931

என் உயிரானவருக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். உங்கள் அக்கா வேளைக்குச் சோளரொட்டி சுட்டுப் போடுகிறார்.

லாஸ் ஏஞ்சலஸில் எங்களை ரயிலேற்றிய போலீஸ்காரனிடம் நம் எர்லிண்டா, "நான் இங்கதானே பொறந்தேன்?" என்றாள். "மெக்சிகோக்காரிதானே? ஏறு," என்றான். இங்கே பள்ளியில் பிள்ளைகள், "ஏய் அமெரிக்காக்காரி, உன் ஊருக்கே போடி" என்கிறார்களாம். "நாம யாரும்மா?" என்று அழுகிறாள்.

சின்னவனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாலைவனத்தில் காய்ச்சல் கண்டு, ரயிலிலேயே போய்விட்டான். அந்த நாட்டிலேயே இறக்கிப் புதைத்துவிடுவார்களோ என்று பயந்து, தூங்குகிறவன்போல் மடியில் போட்டுக்கொண்டு வந்தேன். எல்லையில் நம் நாட்டு அதிகாரி ஒருவர் அவன் கன்னத்தைத் தொட்டார். கை அப்படியே நின்றது.

"கூட்டிட்டுப் போம்மா. நம்ம பிள்ளைதான்," என்றார்.

உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் கிடத்தியிருக்கிறோம். அங்கே போலீஸ் உங்களையும் பிடிப்பதற்குள் நீங்களாகவே வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி